ஒருவரை மட்டும் பரிந்துரைக்கவும்

நவம்பர் 3, ஞாயிறு

விடியலிலிருந்து தூறல். புதுவாயல் கிடங்கில் கூரை மூன்று இடத்தில் ஒழுகல். கீழே வாளி வைத்துப் பயிற்சி. ரெபேக்கா ஒரு வாளியை இடித்துக் கவிழ்த்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோமதி மூன்று வாளிகளையும் எதிரணி ஆட்களாக வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் போனாள்.

காயங்கள்: வலது தொடை (ரெ.), இடது முழங்கை (ரெ.), வயிறு, இரண்டு முறை (ரெ.). கோ. தந்த காயம் எதுவும் இல்லை.

கோல்: ரெ. நான்கு. கோ. ஆறு.

நாற்பத்தொரு வயதில் எனக்கு இது தேவையா? நான் கோல்கீப்பர் ஆனதே விபத்து. போன வருடம் அக்கா மகள் ரெபேக்காவை பைக்கில் இறக்கிவிடப் போனேன். பழைய கீப்பர் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டிருந்தான். பாஸ்கர் என்னை மேலும் கீழும் பார்த்தான். "சேகரு, நீ சும்மா நின்னாலே பாதி கோல் அடைச்சுக்குது." அன்று நின்றவன்தான். பெண்களுக்குச் சக்கர ஷூ. எனக்குக் கம்பெனியில் கொடுத்த சேஃப்டி ஷூ, கிரிக்கெட் பேடு, வயிற்றில் பார்சல் கட்டும் ஸ்பாஞ்சு.

பாஸ்கர் என்றால் மாவட்டச் சக்கர ஹாக்கிச் சங்கச் செயலாளர், கோச், சக்கரத்துக்கு எண்ணெய் போடுகிறவன் எல்லாம் அவனே. இன்று ஒரு படிவத்தோடு வந்தான். ஜனவரியில் வடக்கே மலையில் ஐஸ் ஹாக்கி முகாம். சிமெண்டுத் தரை இல்லை, சக்கரம் இல்லை, நிஜமான ஐஸ். நம் மாவட்டத்துக்கு ஒரே ஒரு இடம். ரெபேக்காவா, கோமதியா என்று இருவரின் ஆட்டத்தையும் ஒப்பிட்டு அறிக்கை வேண்டுமாம். வரும் 15க்குள்.

"நீதான்டா எழுதணும்."

"நானா? எனக்கு ஆஃப்சைடே போன மாசம்தான் புரிஞ்சுது."

"ரெண்டு பேரும் எனக்குப் பொண்ணு மாதிரிடா. ஒருத்திய எழுதினா இன்னொருத்தி மூஞ்சியில எப்படி முழிக்கிறது? ரெண்டு பேர் அடியையும் வாங்கினவன் நீ ஒருத்தன்தான்."

"ரெபேக்கா எங்க அக்கா பொண்ணு. தெரியும்ல?"

"தெரியும். அதனாலதான். அவ பக்கம் சாயறான்னு எவனும் சொல்லிடக்கூடாதுன்னு பயந்து பயந்து எழுதுவ. நியாயமா வந்துடும்."

வாங்கிக்கொண்டேன். படிவத்தின் அடியில் தடித்த எழுத்தில்: ஒருவரை மட்டும் பரிந்துரைக்கவும்.

நவம்பர் 4, திங்கள்

மழை இல்லை. புழுக்கம். காலை ஷிப்ட்.

என் வேலை பிரேக் டிரம் பார்ப்பது. வார்ப்பில் ஓட்டை இருக்கிறதா, விட்டம் சரியா. கேஜ் உள்ளே போனால் பாஸ், போகாவிட்டால் சிவப்புச் சீட்டு. இருபது வருடத்தில் ஒரு டிரம்கூட என்னிடம் வந்து "நான் உன் அக்கா மகள்" என்று சொன்னதில்லை.

டீ இடைவேளையில் சிவப்புச் சீட்டின் பின்புறம் எழுதியது:

ரெ. வயது 19. பாட்டில் கம்பெனியில் பேக்கிங். வேகம். நேர்கோடு. வட்டு கிடைத்ததும் (கருப்பு ரப்பர் வட்டுதான் இவர்களுக்குப் பந்து) தலையைக் குனிந்து பாய்ச்சல். அடி பலம். வரும்போதே கத்துகிறாள், தள்ளிப்போ என்று. எதிரணியிடம் மட்டுமல்ல, என்னிடமும்.

கோ. வயது 20. பொன்னேரியில் பி.காம். வேகம் இல்லை. வட்டைப் பார்ப்பதே இல்லை. கூரையைப் பார்க்கிறாள், என் முகத்தைப் பார்க்கிறாள், ஒரு நாள் கொட்டாவி விட்டாள். அதற்குள் வட்டு என் பின்னால்.

இதற்கு மேல் ஓடவில்லை. சைரன்.

நவம்பர் 5, செவ்வாய்

அக்கா வந்தாள். கையில் தூக்கு. வஞ்சிரக் குழம்பு. சாதாரணமாக எங்களுக்கு வருவது மலிவான காரப்பொடி மீன்.

"டேய் சேகரு, இன்னாவோ எழுதிக்கினு இருக்கியாமே?"

"யார் சொன்னா?"

"புதுவாயலே சொல்லுது. இன்னா இருந்தாலும் அவ பொறந்தப்ப ஆஸ்பத்திரியில நீதான்டா மொதல்ல தூக்கின."

"அதுக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் இன்னாக்கா சம்பந்தம்?"

"தூக்கினவன் கீழ போடக்கூடாது. அவ்ளோதான்."

என் மனைவி விமலா குழம்பை வேறு பாத்திரத்தில் மாற்றிவிட்டுத் தூக்கைக் கழுவிக் கொடுத்தாள். அக்கா போனதும் என்னிடம்: "சாப்புடு. சாப்பிட்டா கையெழுத்து ஒண்ணும் மாறிடாது."

குழம்பு மிக நன்றாக இருந்தது. இதை எழுதத்தான் வேண்டும்.

நவம்பர் 7, வியாழன்

நல்ல மழை. கவரைப்பேட்டை ரயில்வே கேட் அடியில் முழங்கால் தண்ணீர். பைக் மக்கர்.

சாயங்காலம் கோமதியின் அப்பா வந்தார். ஏரிக்குப் பக்கத்து ஊர், சொந்த நிலம், சம்பா நெல். நடவு வயலிலிருந்து நேராக வந்திருப்பார் போல, வேட்டி ஓரத்தில் சேறு. எங்கள் தெருவுக்குள் அவர் வந்தது இதுவே முதல் முறை என்று நினைக்கிறேன். காபி வேண்டாம் என்றார். விமலா கொண்டுவந்து வைத்ததும் கொஞ்ச நேரம் டம்ளரைப் பார்த்துவிட்டுக் குடித்தார்.

"சார், எங்க பொண்ணு நல்லா ஆடுதா?"

"ரொம்ப நல்லா ஆடுதுங்க."

"அதான் பேஜாரு."

விஷயம் இதுதான். தை மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை ரேணிகுண்டா பக்கம். "அந்த நேரத்துல பொண்ணு மலை மேல ஐஸ்ல நின்னுக்கினு இருக்குன்னா நான் இன்னான்னு சொல்றது சார்? கொஞ்சம் சுமாரா ஆடுதுன்னு எழுதிடுங்களேன். பொய் வேணாம். சுமாருன்னு போதும்."

பார்க்கலாம் என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் எழுந்து கும்பிட்டார். எனக்கு எப்படியோ ஆகிவிட்டது.

ஒரே வாரத்தில் இரண்டு கோரிக்கை. ஒரு வீடு மகளை எழுது என்கிறது. இன்னொரு வீடு மகளை எழுதாதே என்கிறது. இரண்டும் ஒரே பெயரில்தான் போய் நிற்கின்றன. ரெபேக்கா என்று எழுதினால் எல்லோருக்கும் சந்தோஷம். இவ்வளவு சுலபமான முடிவு என் வாழ்க்கையில் வந்ததில்லை. அதனால்தான் சந்தேகம்.

நவம்பர் 10, ஞாயிறு

வெயில். படிவத்தில் ஒரு கட்டம்: பனித்தரையில் அனுபவம். பாஸ்கர் அதைக் காலியாக விடக்கூடாது என்றான். நம் ஊரில் பனித்தரைக்கு எங்கே போவது?

மீஞ்சூர் பக்கம் மீனுக்கு ஐஸ் போடும் கம்பெனி ஒன்று பாஸ்கருக்குத் தெரிந்தவருடையது. காலை எட்டு மணிக்கு நாங்கள் நான்கு பேரும் போனோம். முதலாளி வெள்ளை பனியன், வாயில் குச்சி. விஷயத்தைக் கேட்டதும் குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"ஐஸ் மேல மீனத்தான் வெப்போம். நீங்க பொண்ணுங்கள வெக்கறேன்றீங்க."

ஆனாலும் மனிதர் தங்கம். ஆட்களை விட்டு இருபது பாளங்களைத் தரையில் நெருக்கி அடுக்கிக் கொடுத்தார். நீளத்தில் பத்து, அகலத்தில் இரண்டு. அந்தப் பக்கம் முடிகிற இடத்தில் உமிக் குவியல்.

கத்தி வைத்த ஐஸ் ஷூ ஒரே ஒரு ஜோடி. பாஸ்கர் எங்கிருந்தோ இரவல் வாங்கியது. ரெபேக்காவுக்குப் பெரிது, உள்ளே பேப்பர் திணித்தோம். கோமதிக்குச் சின்னது, விரலை மடக்கிக்கொண்டு போட்டாள்.

முதலில் ரெபேக்கா. எச்சரிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் பத்துப் பாளமும் முடிந்துவிட்டது. ஐஸ் முடிந்தது அவளுக்குத் தெரியவில்லை. உமிக்குள் தலை. கால் இரண்டும் வெளியே. ஓடிப்போய் இழுத்தோம். முடி, காது, மூக்கு எல்லாம் உமி. பல் மட்டும் வெள்ளை.

"மாமா! இன்னொரு தபா!"

இன்னொரு தபாவும் உமி. மூன்றாவது தபாவும் உமி. முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பிறகு கோமதி. ஏறி நின்றாள். நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். முதலாளி, "இன்னாம்மா, உறைஞ்சுட்டியா?" என்றார். வலது காலைக் கொஞ்சம் நகர்த்தினாள், இழுத்துக்கொண்டாள். பாளத்துக்கும் பாளத்துக்கும் நடுவே இருந்த இடுக்கைக் கத்தி முனையால் தொட்டுப் பார்த்தாள். இரண்டு நிமிடத்தில் ஒன்றரைப் பாளம். பாஸ்கர் தலையில் கை வைத்தான். மூன்றாவது முறை கடைசிப் பாளம் வரை போனாள், இடுப்பை ஒரு வெட்டு வெட்டினாள், திரும்பினாள், எங்களைப் பார்த்து வந்தாள்.

திரும்பி வந்தது கோமதி மட்டும்.

உதவி செய்யப் போய் நானும் ஐஸில் கால் வைத்தேன். இடது இடுப்பு. இதில் ரெ., கோ. இருவருக்கும் பங்கு இல்லை.

நவம்பர் 12, செவ்வாய்

மேகமூட்டம். இடுப்பில் தைலம். லீவு.

முதல் அறிக்கை எழுதி முடித்தேன். ஒன்றரைப் பக்கம். கோமதியைப் பரிந்துரை செய்தேன். நேர்மையாக எழுதிவிட்டோம் என்று ஒரு கர்வம். விமலா அங்கன்வாடியிலிருந்து வந்ததும் வாங்கிச் சத்தமாகப் படித்தாள்.

"'ரெபேக்காவுக்குப் பொறுமை கிடையாது. வாளியைக் கவிழ்த்தாள். உமியில் மூன்று முறை விழுந்தாள். காலில் அடிக்கிறாள்.' இது இன்னா அறிக்கையா, போலீஸ் கம்ப்ளெயின்ட்டா?"

"நடந்ததைத்தானே எழுதிக்கிறேன்."

"நல்லதா ஒண்ணுகூட நடக்கலியா? ஊரு இன்னா சொல்லுமோன்னு பயந்துக்கினு அந்தப் பொண்ண போட்டு மிதிச்சு வெச்சிருக்க."

கோபம் வந்தது. பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு போய் பின்பக்கம் உட்கார்ந்து மறுபடி படித்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அக்காவின் குழம்பு என்னை வளைக்கவில்லை. அக்காவின் குழம்புக்கு வளையவில்லை என்று காட்டும் ஆசை வளைத்துவிட்டது. பாஸ்கர் பயலுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது.

கிழித்தாயிற்று.

ரெபேக்காவிடம் நல்லது என்று யோசித்தது:

வட்டு பறிபோனால் முதலில் திரும்பி ஓடிவருவது அவள். அவள் பாய்ந்தால் எதிரணியில் மூன்று பேர் அவள் மேல் விழுகிறார்கள். அப்போது அந்தப் பக்கம் யார் தனியாக நிற்பது? கோமதி. 3ஆம் தேதி கோமதி போட்ட ஆறில் நான்காவது ரெபேக்கா இழுத்துக்கொண்டு போன கூட்டத்தால் வந்தது. இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை. கண் எல்லாம் என் தொடை மேல்.

அப்படியென்றால் யார் நல்ல ஆட்டக்காரி? தலைவலி.

நவம்பர் 13, புதன்

தூறல். வேலை முடிந்து கவரைப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் போண்டா. கோமதி ரயிலிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தாள்.

"எங்க நைனா உங்க ஊட்டுக்கு வந்தாரா சார்?"

வந்தார் என்றேன்.

"சுமாருன்னு எழுதச் சொன்னாரா?"

போண்டா தொண்டையில். தலையை மட்டும் ஆட்டினேன்.

இந்தப் பெண் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. இப்போதும் குரல் ஏறவில்லை. கடைக்காரரின் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ரெபேக்கா என்னைவிட நல்லா ஆடறான்னா அவ பேர எழுதுங்க சார். நானே ஸ்டேஷன் வரிக்கும் போய் ஏத்திவுடுவேன். ஆனா நைனா சொன்னாருன்னு என்ன சுமாருன்னு எழுதினீங்கன்னா..."

"எழுதினா?"

"இத்தினி நாளா உங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னு ஓரமாத்தான் அடிச்சுக்கினு இருக்கேன். இனிமே நடுவுல அடிப்பேன்."

போய்விட்டாள். கடைக்காரர், "இன்னா சார், கடன் தகராறா?" என்றார். இல்லை, ஐஸ் ஹாக்கி என்றேன். இன்னொரு போண்டா வைத்தார்.

கொட்டாவி விட்டுக்கொண்டே அடிக்கும் பெண்ணுக்கு இவ்வளவு ஆசை உள்ளே இருக்கிறதா? எனக்குத் தெரியவே இல்லை.

நவம்பர் 14, வியாழன்

வானம் வெளுப்பு. காலை ஆறு மணிக்குக் கிடங்கு.

பாஸ்கரிடம் சொல்லி இருவரையும் எதிரெதிர் அணியில் போட வைத்தேன். இத்தனை மாதத்தில் முதல் முறை. இரண்டு பக்கமும் நானே கீப்பர், பாதி நேரம் இங்கே, பாதி நேரம் அங்கே.

ரெபேக்கா தனியாகவும் அதே ரெபேக்காதான். மூன்று பேரை முட்டித் தள்ளிக்கொண்டு வந்து இரண்டு கோல். பக்கத்தில் அவள் அணியின் செல்வி கையைத் தூக்கித் தூக்கிக் கூப்பிட்டாள். பார்க்கவில்லை.

பாதியில் செல்வியைக் கோமதி அணிக்கு மாற்றினோம். செல்வி வந்து ஆறு மாதம், நேராக நிற்கவே சிரமம். கோமதி அவளைக் கோலுக்கு ஓரமாக ஒரு இடத்தில் நிறுத்தினாள். "இங்கியே நில்லு. மட்டைய தரையில வெய்யி. எடுக்காத." அவ்வளவுதான். பிறகு நான் கோமதியையே பார்த்துக்கொண்டிருக்க, வட்டு எங்கேயோ சுவரில் பட்டு, செல்வியின் மட்டையில் பட்டு, உள்ளே போயிற்று. செல்வி அழுதுவிட்டாள். அவள் வாழ்க்கையின் முதல் கோல். அடுத்த ஐந்து நிமிடத்தில் இரண்டாவது.

ரெபேக்கா அணியில் ரெபேக்கா நன்றாக ஆடுகிறாள். கோமதி அணியில் எல்லோரும் நன்றாக ஆடுகிறார்கள்.

மதியம் கேண்டீனில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். ரெபேக்காவுக்கு ஒரு முழுப் பக்கம், நல்லது எல்லாம். கோமதிக்கும் ஒரு பக்கம். கடைசிப் பத்தி மட்டும் இங்கே:

"ரெபேக்கா நேராக வருவாள். எந்தப் பக்கம் அடிப்பாள் என்பது கீப்பருக்கு முன்பே தெரியும். தடுத்தால் வலிக்கும். கோமதி அடித்தால் வலிப்பதில்லை, ஏனென்றால் வட்டு கீப்பர் மேல் படுவதே இல்லை. ஒருவரை மட்டும் என்றால், கோமதி."

கையெழுத்து. பாஸ்கரிடம் கொடுத்தாயிற்று. அவன் படித்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னான்: "உங்க அக்கா ஊட்டுப் பக்கம் கொஞ்ச நாள் போவாத."

நவம்பர் 17, ஞாயிறு

மழை. பயிற்சி ரத்து. நல்லதாகப் போயிற்று.

விஷயம் தெரிந்துவிட்டது. அக்கா போன் செய்தாள். "தூக்கு இருந்தா குடுத்தனுப்பு," என்றாள். தூக்கை அன்றே கழுவிக் கொடுத்தாயிற்று என்றேன். "அப்ப சரி," என்று வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலாம்.

ரெபேக்காவுக்கு நான்கு முறை போன். எடுக்கவில்லை.

விமலா சொன்னது: "எழுதினது தப்புன்னு தோணுதா?" இல்லை. "அப்ப இன்னாத்துக்கு மூஞ்சி?" மூஞ்சி வேறு, எழுதியது வேறு. பிறந்தபோது முதலில் தூக்கியது நான்தான், அக்கா சொன்னது பொய்யில்லை. அன்றும் இப்படித்தான் கத்தினாள், கையைக் காலை உதைத்துக்கொண்டு.

நவம்பர் 20, புதன்

முகாமிலிருந்து பாஸ்கருக்குத் தகவல். கோமதி உறுதி.

சாயங்காலம் அவள் அப்பா வந்தார். அடி விழுமோ என்று நினைத்தேன். வாசலில் நின்றுகொண்டே கேட்டார்: "அங்க சோறு கெடைக்குமா சார்? சப்பாத்தி மட்டும்தானா?"

விசாரிக்கிறேன் என்றேன்.

"மாப்பிள்ள ஊட்டுக்கு மாசியில வாங்கன்னு சொல்லிட்டேன். ஐஸ்ல ஆடப் போவுதுன்னு சொன்னேன். ரெண்டு தபா திருப்பிக் கேட்டாங்க. அப்புறம் போட்டோ அனுப்பச் சொல்றாங்க." மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். குரங்கு குல்லா. காது மூடுவது, அரக்கு நிறம். "இது தாங்குமா? இன்னொண்ணு மேல போட்டுக்கணுமா?"

இரண்டாகப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். எனக்கு என்ன தெரியும்? விமலா காபி கொண்டுவந்தாள். இந்த முறை கேட்டு வாங்கினார், சர்க்கரை தூக்கலாக.

நவம்பர் 24, ஞாயிறு

பளிச்சென்று வெயில். கிடங்கில் தரை காய்ந்திருந்தது.

ரெபேக்கா எல்லோருக்கும் முன்பே வந்து, சக்கர ஷூ கட்டி, தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். கையில் அறிக்கையின் நகல். பாஸ்கர் கொடுத்திருக்கிறான், துரோகி. என் எதிரில் வந்து நின்றாள்.

"ஒரு பக்கம் எழுதிக்கிற என்னப் பத்தி. மொதல்ல திரும்பி ஓடியாருவது நான்தான்னு. இதெல்லாம் நீ பாக்கறன்னே எனக்குத் தெரியாது."

நான் பையிலிருந்து பேடை எடுத்தேன்.

"கோமதி போறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. நேத்து அவளுக்கு என் ஸ்வெட்டர்கூட குடுத்துட்டு வந்தேன். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், மாமா கரெக்டாத்தான் எழுதிக்குதுன்னு. ஆனா இது இன்னா?" விரலை வைத்துக் காட்டினாள். "'நேராக வருவாள். எந்தப் பக்கம் அடிப்பாள் என்பது கீப்பருக்கு முன்பே தெரியும்.'"

"ஆமா. தெரியும்."

"நில்லு."

பேடைக் கட்டிக்கொண்டு நின்றேன். கோமதி, செல்வி, பாஸ்கர் எல்லோரும் சுவரோரம் போய்விட்டார்கள். அந்தக் கோடியில் போய் நின்றுகொண்டு கத்தினாள்: "வலது பக்கம், மேல!"

வந்தாள். நேராக. வலது பக்கம், மேலே. கையைத் தூக்குவதற்குள் வலை ஆடியது.

"இடது, கீழ!" வந்தாள். இடது, கீழே. உள்ளே.

"மறுபடியும் இடது, கீழ!" உள்ளே.

"காலுக்கு நடுவுல!" இரண்டு முழங்காலையும் ஒட்டவைத்துக்கொண்டேன். வட்டு வரும்போது எப்படித் திறந்தது என்று சத்தியமாகத் தெரியாது. உள்ளே.

ஐந்தாவதுக்கு முன் மூச்சு வாங்கினாள். "வலது, மேல. கடைசி." இந்த முறை முன்கூட்டியே கையை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டேன். கையுறையில் பட்டது. பட்டு, கையுறையையும் கழற்றிக்கொண்டு உள்ளே போயிற்று.

செல்வி விசில். கோமதி சுவரில் சாய்ந்து, முதல் முறையாக, வட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெபேக்கா என் முன்னால் வந்து சரக்கென்று நின்றாள். வியர்வை சொட்டுகிறது. சிரிக்கவில்லை.

"தெரிஞ்சு இன்னா பண்ண, மாமா?"

குனிந்து வலைக்குள்ளிருந்து வட்டை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.